பழைய ரிவால்வரில் சில தோட்டாக்கள் வெடிக்காமல் போனால் குற்றம் தோட்டாவினுடையதா?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 போன்ற ஒரு பழைய ரிவால்வரை வேறொருவரிடமிருந்து வாங்கியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஆறு தோட்டாக்களில் ஒன்றிரண்டு வெடிப்பதில்லை என்றும், ஹாமரை (தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் சுத்தியை) கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுட்டால் அனைத்தும் வெடிக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில், ஹாமர் முழுத் தூரம் பின்னால் போவதற்கு முன்பே விடுபட்டுவிடுவதால் அடியின் வலு குறைவு. ஹாமருக்கு விசை தரும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்தால் அது முதலில் அங்கேதான் தெரியவரும்.

டெக்சாஸில் முறைப்படி வாங்கி, ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், மட்டுமே சுடுபவன் நான். இதையெல்லாம் தமிழில் எழுத வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள், கையில் இருக்கும் கருவியைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவதே ஆபத்து என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

என்னுடைய மாடல் 10 இப்படித் தொல்லை கொடுத்தபோது, விற்ற கடைக்காரர் முதலில் தோட்டாவைக் குறை சொன்னார். பிறகு, பழைய துப்பாக்கிதானே, சுவரில் மாட்டி வையுங்கள் என்றார். அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. வெடித்த தோட்டாக்களையும் வெடிக்காதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெடித்தவற்றின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கச் சிறு மூடியில், ஆழமான குழி இருந்தது. மற்றவற்றில் நகம் பதிந்ததுபோல் மேலோட்டமான தடம், ஆனால் சரியாக நடுவில். தடம் ஓரமாக விழுந்திருந்தால், தோட்டாக்களை ஏந்திச் சுழலும் சிலிண்டர் உரிய இடத்தில் வந்து நிற்கவில்லை என்று ஐயுற்றிருப்பேன்.

சிலிண்டரின் அறைகளையும், காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பகுதியையும் துடைத்தேன். தோட்டா முழுவதுமாக உள்ளே அமராவிட்டால், அடியின் ஒரு பகுதி அதை முன்னால் தள்ளுவதிலேயே வீணாகிவிடும். அதனாலும் குறை தீரவில்லை. கைப்பிடியின் முன்விளிம்பில், கீழ்ப்பகுதியில், மெயின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கிறது. அது இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது அதன் முனை அரத்தால் தேய்க்கப்பட்டு, சாய்வாகப் பளபளத்தது. டிரிகர் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காக முன்பு வைத்திருந்தவர் யாரோ அதைக் குட்டையாக்கியிருக்கிறார். வாங்குபவர் கடையில் டிரிகரை இழுத்துப் பார்த்து மயங்குவார் என்பதற்காக ஒரு நல்ல கருவியைக் கெடுப்பது எவ்வகையிலும் நேர்மையாகாது. முழு நீளமுள்ள புதிய ஸ்க்ரூவை அடிவரை முறுக்கிய பின், அதே பெட்டித் தோட்டாக்கள் டபுள் ஆக்‌ஷனிலும் வெடித்தன.

உங்களுடையதில் ஸ்க்ரூ தளர்ந்து மட்டும் இருக்கலாம். தோட்டாக்களை அகற்றிவிட்டு முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். தோட்டாக் குற்றமே இருக்காது என்று நான் சொல்லவில்லை: வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களில் பிரைமர் ஆழமாக அமராதிருந்தால், முதல் அடி அதை உள்ளே தள்ளும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். வெடிக்காதபோது உடனே சிலிண்டரைத் திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடிகள் காத்திருங்கள். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டால், குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதைப் பார்த்துத் தெளியாமல் அடுத்ததைச் சுடவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் குறை நீடித்தால், பக்கத் தகட்டை நெம்பித் திறக்காமல், ரிவால்வர் வேலை தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து, பிரைமரைக் குத்தும் ஹாமரின் மூக்கு தேய்ந்திருக்கிறதா, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.