பாஸ்கா மேடையில் யூதாஸ்: நாடகக் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் சேர்ந்ததுதான் தருமபுரி மறைமாவட்டம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்ததும் பங்குகளில் பாஸ்கா, அதாவது இயேசுவின் திருப்பாடுகள் நாடகத்தின் ஒத்திகை ஆரம்பித்துவிடும். இயேசு வேடத்துக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். சினிமாவில் பார்த்தது, மறைக்கல்வியில் படித்தது, பாட்டி சொன்னது எல்லாம் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எலத்தகிரியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, யூதாஸ் ஏன் காட்டிக்கொடுத்தான்னு ஒரு சீன் எழுதணும். பணத்தாசைன்னே வெச்சுக்கலாமா?

வைக்கலாம் தம்பி, ஆனால் கணக்கு இடிக்கும். முப்பது வெள்ளிக்காசு என்று தொகையைச் சொல்பவர் நான்கு நற்செய்தியாளர்களில் மத்தேயு ஒருவர்தான் (26:15). அந்தக் காலத்துக் கோயில் பணம் தீர் நகரத்து வெள்ளிக்காசு. ஒரு காசு நான்கு தெனாரியத்துக்கு (ரோமை வெள்ளி நாணயம்) சமம். அப்படியானால் மொத்தம் 120 தெனாரியம். திராட்சைத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு தெனாரியம். ஆக இது ஒரு கூலியாளின் நான்கு மாத வருமானம், அவ்வளவுதான். பெத்தானியாவில் இயேசுவின் காலில் ஊற்றப்பட்ட தைலத்தை 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கேட்டவனும் இதே யூதாஸ்தான் (யோவான் 12:5). தைலத்தின் விலையில் பாதிகூட இல்லாத தொகைக்குக் குருவை விற்றான் என்றால், பணம் மட்டும்தான் காரணமா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

முப்பது என்ற எண்ணுக்கு வேறொரு பின்னணியும் உண்டு. மாடு முட்டி அடிமை இறந்தால் எசமானுக்குத் தரவேண்டிய தொகை முப்பது வெள்ளி (விடுதலைப் பயணம் 21:32). செக்கரியா 11:12இல் மேய்ப்பனுக்கு எடைபோட்டுக் கொடுத்த கூலியும் அதேதான். மத்தேயு அங்கே விலையைவிட அவமானத்தைத்தான் காட்டுகிறார். மாற்குவில் யூதாஸ் பணம் கேட்பதே இல்லை. அவன் வந்ததைக் கண்டு மகிழ்ந்து, தருவதாகச் சொல்பவர்கள் தலைமைக் குருக்கள். லூக்காவும் யோவானும் சாத்தான் அவனுக்குள் நுழைந்தான் என்கிறார்கள். யோவான் மட்டும் அவனைத் திருடன் என்றும் சொல்கிறார்.

அதனால் காரணத்தை விளக்கும் சீனே வேண்டாம் என்பது என் கருத்து. தலைமைக் குருக்களிடம் போகிறான், ஒரே ஒரு வரி பேசுகிறான், வெளியே வருகிறான். அது போதும். தனிமொழி எழுத ஆரம்பித்தால் அது நற்செய்தியாக இருக்காது, எழுதியவருடைய ஊகமாகிவிடும்.

ஓசூரிலிருந்து ஒருவர்: சார், படங்களில் யூதாசை நல்லவனாகக் காட்டுகிறார்களே, அதில் எது சரி?

சரி, தப்பு என்று பிரிப்பதைவிட, நற்செய்தி விட்டுவைத்த இடைவெளியை ஒவ்வொரு இயக்குநரும் எதைக் கொண்டு அடைத்தார் என்று பாருங்கள். 1927இல் சிசில் பி. டெமில் எடுத்த 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' படத்தில் யூதாஸ் பதவிக்கு ஆசைப்படுகிறவன். இயேசு அரசரானால் தனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறான். 1961இல் நிக்கோலஸ் ரே அதே பெயரில் எடுத்த படத்தில் யூதாஸ் பரபாவின் கலகத்துக்கும் இயேசுவுக்கும் நடுவில் சிக்கியவன். நெருக்கடி வந்தால் இயேசு தம் வல்லமையைக் காட்டித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போடுகிறான். 1973இன் 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' படத்தில் கார்ல் ஆண்டர்சன் நடித்த யூதாசுக்கு வேறு பயம். கூட்டம் பெருகினால் ரோமையர்கள் எல்லாரையும் நசுக்கிவிடுவார்களே என்று பதறுகிறான். 1977இல் செஃபிரெல்லி எடுத்த 'ஜீசஸ் ஆஃப் நசரேத்' தொடரில் அவன் ஏமாளி. இயேசுவை யூதர்களின் தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தினால் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறான். அவனை ஏமாற்றும் சேரா என்ற மறைநூல் அறிஞர் பாத்திரம் விவிலியத்தில் கிடையாது.

1988இல் ஸ்கார்செஸி எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. காட்டிக்கொடுக்கும்படி இயேசுவே கேட்கிறார், யூதாஸ் மனசில்லாமல் ஒத்துக்கொள்கிறான். அது கசான்சாகிஸின் நாவலிலிருந்து வந்தது, நற்செய்தியிலிருந்து அல்ல. 2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' காரணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பின்விளைவைக் காட்டுகிறது. அவனைத் துரத்தும் சிறுவர்களின் முகம் பேய் முகமாக மாறுவது, செத்த கழுதையின் கயிறு, இவை எதுவும் விவிலியத்தில் இல்லை. ஆனாலும் நம் ஊர் நாடகங்களில் இப்போது அந்தச் சிறுவர்கள் வந்துவிட்டார்கள்!

நாடகக் குழுவுக்கு ஒரே ஒரு படம் போட்டுக் காட்டுவதானால் 1964இல் பசோலினி எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்தைக் காட்டுங்கள். வசனம் மத்தேயுவிலிருந்தே எடுத்தது. யூதாசின் முடிவு விளக்கம் எதுவும் இல்லாமல் சட்டென்று முடிந்துவிடும்.

பர்கூரிலிருந்து நாடக ஆசிரியர் ஒருவர்: நான்கு நற்செய்திகளையும் சேர்த்து எழுதினால் என்ன?

கைது காட்சியில் மாட்டிக்கொள்வீர்கள். மாற்குவிலும் மத்தேயுவிலும் யூதாஸ் "ரபி" என்று சொல்லி முத்தமிடுகிறான். லூக்காவில் முத்தமிட நெருங்கும்போதே, முத்தமிட்டா காட்டிக்கொடுக்கிறாய் என்று இயேசு கேட்டுவிடுகிறார், முத்தமிட்டான் என்று எழுதவில்லை. யோவானில் முத்தமே இல்லை. இயேசுவே முன்னால் வந்து "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்கிறார், வந்தவர்கள் பின்வாங்கித் தரையில் விழுகிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்தால், "நான்தான்" என்று தாமே சொன்னவரை அடையாளம் காட்ட இன்னொருவன் வந்து முத்தமிடுவான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நற்செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூதாசின் முழுக் கதையும் வேண்டுமென்றால் மத்தேயுதான் வசதி. அங்கே பேதுரு மறுதலித்து அழுத கையோடு (26:75) யூதாஸ் மனம் வருந்திக் காசைத் திருப்பிக் கொண்டுவருகிறான் (27:3). இந்த இரண்டையும் மேடையில் அடுத்தடுத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நடத்துங்கள். இருவருமே தவறினார்கள், இருவருமே வருந்தினார்கள். யூதாஸ் தன் வருத்தத்தைக் கொண்டுபோன இடம் தலைமைக் குருக்களிடம். அவர்கள் சொன்னது "எங்களுக்கென்ன? நீயே பார்த்துக்கொள்" என்பதுதான். பல குழுக்கள் இந்தக் காட்சியைச் சிலுவைக்குப் பிறகு வைக்கிறார்கள். மத்தேயுவின்படி இது பிலாத்துவின் விசாரணைக்கு முன்னால் வரவேண்டும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: யூதாசுக்கு மீசை முறுக்கி, கண்ணுக்கு மை போட்டு, மஞ்சள் அங்கி கொடுக்கலாமா?

வேண்டாம். இராவுணவில் "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று இயேசு சொன்னபோது ஒருவர்கூட யூதாசைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளாளுக்கு "நானோ ஆண்டவரே?" என்றுதான் கேட்டார்கள். அவன் எழுந்து வெளியே போனபோதும் பண்டிகைக்குச் சாமான் வாங்கவோ ஏழைகளுக்குக் கொடுக்கவோ போகிறான் என்றுதான் நினைத்தார்கள் (யோவான் 13:29). வில்லன் வேஷத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் இந்த வசனமே பொய்யாகிவிடும். மற்றப் பதினொருவர் உடுத்துவதையே அவனுக்கும் கொடுங்கள். அடையாளம் வேண்டுமானால் இடுப்பில் ஒரு சுருக்குப்பை போதும். பணப்பை அவனிடம்தான் இருந்தது.

மஞ்சள் அங்கி இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து வந்தது. இத்தாலியின் பதுவை நகரில் ஓவியர் ஜியோத்தோ வரைந்த முத்தக் காட்சியில் யூதாஸ் மஞ்சள் போர்வையோடு நிற்கிறான். அங்கே யூதர்களைப் பிரித்துக் காட்ட மஞ்சள் அடையாளம் அணியவைத்த கொடுமையும் நடந்தது. கிறிஸ்துவின் சாவுக்கு யூத மக்கள் அனைவர் மீதும் பழிபோடக் கூடாது என்று 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் 1634 முதல் நடக்கும் ஓபராமெர்காவ் திருப்பாடுகள் நாடகமே தன் வசனங்களைத் திருத்திக்கொண்டது. நாமும் திருத்திக்கொள்ளலாம்.

பாலக்கோட்டிலிருந்து, மேடைப் பொருள்களைப் பார்த்துக்கொள்பவர்: அண்ணே, முப்பது காசுக்கு என்ன வழி? போன தடவை சத்தமே வரல.

உண்மையான தீர் வெள்ளிக்காசு ஒன்று சுமார் 14 கிராம், முப்பதும் சேர்ந்தால் 420 கிராம் வரும். பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம்தான், பை கனமாகத் தெரியாது. ஹார்டுவேர் கடையில் 16 மி.மீ. போல்ட்டுக்குப் போடும் இரும்பு வாஷர் முப்பது வாங்குங்கள். வெளிவிட்டம் 30 மி.மீ., தடிமன் 3 மி.மீ. இருக்கும். அலுமினியம் பெயிண்ட் ஒரே கோட்டு அடியுங்கள். தடிமனாகப் பூசினால் ஓசை மந்தமாகிவிடும். நடுவில் உள்ள ஓட்டை பத்தடி தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது.

சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் மேடை மேல் விரித்த ஜமுக்காளம். காசு விழும் இடத்தில் மட்டும் 6 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையைப் போட்டு, நான்கு மூலைக்கும் அடியில் சின்னக் கட்டை வைத்துத் தூக்குங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு மைக் தரையில் இருக்கட்டும். பையோடு எறியக் கூடாது, வாயைத் திறந்து கவிழ்த்துக் கொட்டவேண்டும். கையை வீசி எறிந்தால் முன்வரிசைக் குழந்தைகள் மேல் படும். அடுத்துப் படைவீரர்கள் வெறுங்காலோடு வருவார்களே என்ற கவலை வேண்டாம். தலைமைக் குருக்கள் வெள்ளிக்காசை எடுத்து, இது இரத்தத்தின் விலை, காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது என்று பேசுவதாக மத்தேயுவே எழுதியிருக்கிறார். அந்த வசனத்தைப் பேசிக்கொண்டே பொறுக்கச் சொல்லுங்கள். முப்பதும் வந்ததா என்று திரைக்குப் பின்னால் ஒருவர் எண்ணட்டும்.

ஊத்தங்கரையிலிருந்து: தூக்கு மாட்டும் காட்சியைத் தத்ரூபமாகச் செய்ய ஏதாவது வழி?

செய்யவே கூடாது. சுருக்குக் கயிறு எந்தக் காரணத்துக்காகவும் நடிகரின் கழுத்துக்குப் போகக் கூடாது. முதுகில் பெல்ட் கட்டியிருக்கிறோம், காலடியில் ஸ்டூல் இருக்கிறது என்பார்கள். ஸ்டூல் சரிந்தாலோ பெல்ட் மேலே ஏறினாலோ சில நொடிகளில் மயக்கம் வந்துவிடும். கீழே இருப்பவர்கள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். முறையைக் காட்டுவது கூட்டத்தில் ஏற்கெனவே நொந்துபோயிருப்பவரையும் பாதிக்கும். தற்கொலை பற்றிய ஊடக வழிகாட்டுதல்கள் எல்லாமே முறையை விவரிக்காதே என்றுதான் சொல்கின்றன.

காசைக் கொட்டியதும் அவன் வெளியேறட்டும். விளக்கை அணைத்து, பத்து நொடி கழித்துக் காலிச் சுருக்குப்பை மேல் மட்டும் ஒரு விளக்கு. மத்தேயுவில் அவன் தூக்கிட்டுக்கொள்கிறான். திருத்தூதர் பணிகள் 1:18 வேறு மாதிரி சொல்கிறது, அங்கே அவன் தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். மரக்கிளை முறிந்து விழுந்தான் என்று இரண்டையும் இணைப்பது பிற்கால விளக்கம். இரண்டையும் மேடையில் காட்டாவிட்டால் இணைக்கவேண்டிய தேவையும் இல்லை.

பென்னாகரத்திலிருந்து மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்: கடவுள் திட்டப்படிதான் நடந்தது என்றால் யூதாஸ் மீது என்ன குற்றம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி டீச்சர், மழுப்பாதீர்கள். மாற்கு 14:21 இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. மானிடமகன் மறைநூலில் எழுதியபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுப்பவனுக்கு ஐயோ கேடு. கடவுள் முன்கூட்டியே அறிவது வேறு, ஒருவனைப் பிடித்துத் தள்ளுவது வேறு என்பதே திருச்சபையின் பொதுவான பதில். யூதாஸ் வராவிட்டாலும் தலைமைக் குருக்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். இயேசு பகலில் கோயிலில் வெளிப்படையாகப் போதித்துக்கொண்டுதான் இருந்தார். யூதாசிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது, கூட்டம் இல்லாத நேரமும் இடமும்.

அரூரிலிருந்து: 'யூதாஸ் நற்செய்தி' கிடைத்துவிட்டதாமே, அதில் அவர் ஹீரோவாமே?

எகிப்தில் மின்யா பக்கம் 1970களில் கிடைத்த கோப்திய மொழி ஏடு அது. 2006 ஏப்ரலில் நேஷனல் ஜியாகிராஃபிக் வெளியிட்டது. இப்படி ஒரு நூல் இருப்பதைப் புனித இரனேயு கி.பி. 180 வாக்கிலேயே கண்டித்து எழுதியிருக்கிறார், அதனால் திருச்சபை ஒளித்துவைத்த ரகசியம் என்பதெல்லாம் கதை. இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய ஞானவாதக் குழு ஒன்றின் நூல். அதில் யூதாஸ் ஹீரோதானா என்பதே சர்ச்சை. முதல் மொழிபெயர்ப்பு அப்படிச் சொன்னது, 2007இல் ஏப்ரல் டிகோனிக் போன்ற ஆய்வாளர்கள் நேர்மாறாகப் படித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் சிலர் என்ன நம்பினார்கள் என்பதற்கு அது சாட்சி. வரலாற்று யூதாசைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு சிஸ்டர்: யூதாஸ் நரகத்தில் இருக்கிறார் என்று சொல்லித் தரலாமா?

சொல்லித் தராதீர்கள் சிஸ்டர். புனிதர் என்று அறிவிப்பதுபோல, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி அறிவிக்கும் வழக்கம் திருச்சபையில் இல்லை. கடுமையான வசனங்கள் இருக்கின்றன, மறைக்கவேண்டாம். அவன் பிறவாதிருந்தால் நலமாயிருக்கும் என்பதும், யோவான் 17:12இல் அழிவுக்குரியவன் என்பதும் இயேசுவின் வாயில் வருபவை. புனித அகுஸ்தினார் கடுமையாகத்தான் எழுதினார். தாந்தே அவனை நரகத்தின் அடியாழத்தில் வைத்தார், ஆனால் அது கவிதை. 2006 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பொது மறைக்கல்வி உரையில், எல்லையற்ற இரக்கமும் நீதியும் உள்ள கடவுளின் இடத்தில் நம்மை வைத்து அவனைத் தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல என்றார். பிரான்சில் வெசலே பேராலயத் தூண் ஒன்றில் ஒரு பக்கம் தூக்கில் தொங்கும் யூதாசும், இன்னொரு பக்கம் அவனைத் தோளில் சுமந்து போகும் ஒருவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சுமப்பவர் நல்லாயனாகிய இயேசு என்று பலர் பொருள் கொள்கிறார்கள்.

இதே கேள்வியை வேறொரு வலியோடு கேட்ட குடும்பங்களும் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் எண் 2283 சொல்கிறது. 1983இன் திருச்சபைச் சட்டத்தில் அவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் விதி இல்லை. நாடகம் முடிந்ததும் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104 இரண்டையும் மைக்கில் அறிவியுங்கள். பாஸ்கா கூட்டத்தில் அதற்கும் இடம் உண்டு.

மத்திகிரியிலிருந்து: இராவுணவில் யூதாசும் நற்கருணை வாங்கினானா?

லூக்காவின் வரிசைப்படி அவன் பந்தியில் இருந்தான் (22:19-21). மத்தேயுவும் மாற்குவும் அவன் எப்போது எழுந்துபோனான் என்று சொல்லவில்லை. யோவான் அந்த இரவில் நற்கருணையை ஏற்படுத்தியதையே எழுதவில்லை. மத்தேயு ஸ்கிரிப்டில் அவன் உட்கார்ந்தே இருக்கட்டும்.

பி. பள்ளிப்பட்டியிலிருந்து: யூதாசாக நடிக்கும் பையனை ஊரே "காட்டிக்கொடுத்தவன்", "எட்டப்பன்" என்று கூப்பிடுகிறது. அவன் வரமாட்டேன் என்கிறான்.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷத்தை விளையாட்டுப் பிள்ளையிடமா கொடுக்கிறார்கள்? நல்ல குரலும் அனுபவமும் உள்ளவர்தான் கட்டுவார், படுகளத்தன்று ஊரே அழும். யூதாசையும் பதினாறு வயதுப் பையனிடம் தள்ளாமல் முப்பது தாண்டிய, ஊர் மதிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். பேதுருவாகவும் யூதாசாகவும் நடிப்பவர்கள் வருடம் மாற்றி வருடம் வேஷத்தை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. ஒத்திகையில் ஆளை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோவிலூரிலிருந்து: யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததையும் கடைசியில் சேர்க்கலாமா?

பெரிய வெள்ளியன்று வேண்டாம். அது விண்ணேற்றத்துக்குப் பிறகு நடந்தது, நூற்றிருபது பேர் கூடியிருந்த இடத்தில், பர்சபா எனப்படும் யோசேப்பு, மத்தியா என்ற இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். பெந்தக்கோஸ்து ஞாயிறுக்குத் தனியாக ஒரு குறுநாடகம் போடுவீர்களானால் முதல் காட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், எட்டு நிமிடம் போதும்.