எம்.பி. ஒருவர் கேள்வி கேட்டு அமைச்சர் பதவி இழந்ததுண்டா?

உண்டு. அதுவும் ஆளுங்கட்சி எம்.பி. கேட்டே நடந்திருக்கிறது.

1957-இல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் 6 நிறுவனப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக்கூடக் கலந்துபேசவில்லை. பாலிசி கட்டிய சாதாரண மக்களின் பணம் அது!

செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் கேள்வி எழுப்பினார். வந்த பதில்கள் மழுப்பலாகவே இருந்தன. டிசம்பர் 16 அன்று ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி எழுந்தார். காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். பங்குகளின் விலை, வாங்கிய தேதி என்று ஆதாரங்களோடு வந்திருந்தார். சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியது ஏன் என்பதற்கு அரசிடம் சரியான பதில் இல்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். அமைச்சருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், ராஜினாமா செய்தார்.

சரி, அமைச்சரிடம் பதில் வாங்க எம்.பி.யிடம் உள்ள கருவி என்ன? நட்சத்திரக் கேள்விதான். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லியாக வேண்டும். உடனே துணைக் கேள்விகளும் கேட்கலாம். அதிகாரிகள் எழுதித் தந்த பதில் முதல் கேள்விக்குத் தாங்கும். விஷயம் தெரிந்த எம்.பி.யின் துணைக் கேள்வியில்தான் அமைச்சர் திணறுவார். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். ஆனால் புள்ளிவிவரம் திரட்ட அதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.