ரிலேயைக் குறை சொல்லாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்: பிக்கப் இண்டிகேட்டர் கேள்வி-பதில்

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இண்டிகேட்டர் பற்றியதாகத்தான் இருக்கும். எழுதும்போது எந்தப் பக்கம், முன்னாலா பின்னாலா, ஹசார்ட் (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் சுவிட்ச்) போட்டால் எரிகிறதா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். "இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரி எழுதியவர்களுக்கு இந்த முறையும் பதில் இல்லை.

வலது பக்கம் போட்டால் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது. ரிலே மாற்றியும் அப்படியே இருக்கிறது. (ஒட்டன்சத்திரம்)

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தீர்களா? வலது பக்கம் ஒரு 21 வாட் பல்பு போயிருக்கும். கரண்ட் பாதியாகக் குறைந்ததைத்தான், லைட்டை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே வேகமாக அடித்துச் சொல்கிறது. ரிலே இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் அதன் மேல் தப்பில்லை. பல்பு நன்றாக இருந்தால் ஹோல்டரில் பச்சை பூத்திருக்கும், உப்புத்தாளால் தேயுங்கள்.

மீன் லோடு அடிக்கும் வண்டி. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. (ராமேஸ்வரம்)

எர்த், அதாவது கரண்ட் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. வேறு எதையும் தொடாதீர்கள். பின் லைட்டின் எர்த் அறுந்தால் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்ப வழி தேடும். அதனால்தான் சம்பந்தமில்லாத லைட் எரிகிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை ஹோல்டர் உடம்பில். லைட் எரியும்போது 0.2 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸ் போல்ட்டைத் தின்றிருக்கும். பெயின்ட், துரு எல்லாம் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, புது ரிங் டெர்மினல் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். உங்கள் தொழிலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஹசார்ட் எரிகிறது, இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் எரியவில்லை.

பல்பும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன. சாவி போட்டால் சப்ளை வரும் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த சப்ளை ஹசார்ட் சுவிட்ச் வழியாகத்தான் ரிலேக்குப் போகிறது. சுவிட்சைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி விடுங்கள். உயிர் வந்தால் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள். வராவிட்டால் ஸ்டியரிங்கில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்ச்.

நான்கு பக்கமும் எல்.இ.டி. போட்டேன். வேகமாக அடித்ததால் கடையில் ரெசிஸ்டர் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது லைட்டின் பின்பக்கம் உருகியிருக்கிறது. (ஓசூர்)

உருகாமல் என்ன செய்யும்? பழைய பல்பு ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுத்தது. எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்குதான் இழுக்கும். பல்பு போய்விட்டதென்று ரிலே நினைத்து வேகமாக அடிக்கிறது. 6 ஓம் ரெசிஸ்டர் அந்தக் குறையும் கரண்டைத் தானே இழுத்து வெறும் சூடாக்குகிறது. அதை இரும்புத் தகட்டில் திருகி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டுவது நெருப்பை ஒட்டுவது. ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு எல்.இ.டி.க்கான பிளாஷர் ரிலே வாங்குங்கள். ரிலேயின் அடியில் இருக்கும் கால்களின் அமைப்பு பழையதோடு ஒத்துப்போக வேண்டும்: 49 சப்ளை, 49ஏ லைட்டுக்கு, 31 எர்த். ஆனால் பெரும்பாலும் அதன்பின் பல்பு போனால் ரிலே சொல்லாது. தினமும் நீங்களே இறங்கிப் பார்க்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிவது ரெசிஸ்டரால் அல்ல, அதைச் சேர்த்த விதத்தால். நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பெனி ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். இருபது வருடமாகச் சொல்கிறேன்: முறுக்கி டேப் சுற்றியது ஜாயின்ட் ஆகாது. வெயிலில் டேப்பின் பசை இளகும், மழையில் தண்ணீர் நுழையும், செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் ஏறி ஒயர் சுடும். போன வருடம் வைக்கோல் ஏற்றிய ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. பின் லைட் ஒயர் ஒரு அடி நீளத்துக்கு உருகி சேஸில் ஒட்டிக் கிடந்தது. ஆரம்பம் இதே மாதிரி ஒரு முறுக்குதான். மேலே வைக்கோல் இருந்தும் டிரைவர் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. அப்படியே விடலாமா?

கூடாது. இன்றே கழற்றுங்கள். இனி ஃப்யூஸுக்குப் பதில் ஒயர்தான் எரியும். இண்டிகேட்டர் பல்புகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஃப்யூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை மாட்டி, இண்டிகேட்டரைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் அது பளிச்சென்று எரியும். பின்னால் சேஸில் உரசும் இடங்களில் ஒயரை அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அணைகிறதோ அங்கேதான் தோல் கிழிந்திருக்கிறது. எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பி முடிந்த பிறகும் இண்டிகேட்டர் தானாக அணைவதில்லை.

மின்சாரக் கோளாறு இல்லை. சுவிட்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கிறது.

மஞ்சள் பல்பு ஹோல்டரில் உட்காரவில்லை. பல்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்னைக் கொஞ்சம் அராவலாமா?

அராவாதீர்கள். மஞ்சள் பல்பின் இரண்டு பின்னும் நேர் எதிரே இருக்காது, வெள்ளை பல்பில் நேர் எதிரே இருக்கும். மாறிப் போடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் லைட்டின் மூடி மஞ்சளாக இருந்தால் வெள்ளை பல்பு, மூடி வெள்ளையாக இருந்தால் மஞ்சள் பல்பு. பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.