கணக்குப் புதிருக்காக நண்பர்களோடு வாதாடும் பிள்ளை: தடுக்கலாமா?

மாலையானால் உங்கள் மகள் சக மாணவர்களோடு இணையத்தில் கணக்குப் புதிர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார், தேர்வில் வராத கணக்குக்கு இவ்வளவு நேரமா, நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

பழைய புதிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டத்தின் விளிம்பில் சில புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? 2 புள்ளிகளுக்கு 2 துண்டுகள். 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. அடுத்து 6 புள்ளிகளுக்கு 32 என்று கை தானாகவே எழுதிவிடும். குழுவில் ஒருவர் அதைத்தான் சொல்வார். இன்னொருவர் பொறுமையாகப் படம் வரைந்து எண்ணிவிட்டு 31 என்பார். மூன்றாவது ஆள் புள்ளிகளைச் சம இடைவெளியில் அழகாக வைத்து வரைந்திருப்பார். அவருக்கு 30 வரும். மூவரும் தங்கள் விடையில் உறுதியாக இருப்பார்கள்.

இங்கேதான் கணிதம் தொடங்குகிறது. படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், சம இடைவெளிப் படத்தில் மூன்று கோடுகள் நடுவில் ஒரே புள்ளியில் சந்திப்பது தெரியும். ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தினால் அந்த இடத்தில் ஒரு குட்டி முக்கோணம் திறந்துகொள்ளும், 30 என்பது 31 ஆகிவிடும். அப்படியானால் கேள்வியிலேயே ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது: எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது. சரி, 31 ஏன்? ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, உள்ளே விழும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொன்றைக் கூட்டுகிறது. 6 புள்ளிகளுக்கு 15 கோடுகள். எந்த 4 புள்ளிகளை எடுத்தாலும் அவற்றால் உள்ளே ஒரே ஒரு வெட்டுப்புள்ளிதான் கிடைக்கும். 6இல் 4ஐத் தேர்ந்தெடுக்க 15 வழிகள். முதலில் இருந்த முழு வட்டத்தையும் சேர்த்தால் 1 + 15 + 15.

தனியாகப் போட்டிருந்தால் நிறையப் பேர் 32 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். தன் விடையை மறுக்கிற ஒருவர் எதிரில் இருந்ததால்தான் 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதிலிருந்து 'இது ஏன் இப்படித்தான் இருக்க முடியும்' என்பதுவரை போக நேர்ந்தது. பள்ளித் தேர்வு இந்தப் பயிற்சியைத் தருவது அரிது, ஏனென்றால் அங்கே விடை முன்பே யாருக்கோ தெரியும்.

இதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இணையப் பரிமாற்றங்களின் பாதுகாப்பில் பெரிய பங்கு வகித்துவரும் ஆர்எஸ்ஏ குறியாக்க முறை (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறை) 1977இல் உருவானது. அதை உருவாக்கிய ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். முதல் இருவரும் புதிது புதிதாக முறைகளைச் சொல்ல, ஏடல்மன் ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவரால் உடைக்க முடியாமல் நின்ற முறைதான் அது. உங்கள் மகள் குழுவில் '30 எப்படி வந்தது?' என்று கேட்கும் பிள்ளையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தவறாக வருவது 1994இல் தெரியவந்து, அந்த நிறுவனத்துக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்தது. சிப்பும் மென்பொருளும் சரியாக இயங்கும் என்பதைக் கணித முறையில் நிரூபிக்கிற வேலை இன்று தனித்துறையாகவே இருக்கிறது. காப்பீட்டுக் கணிப்பு, தரவு அறிவியல் போன்றவற்றிலும் தன் கணக்கில் எந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆராய்ச்சியிலும் சேர்ந்து யோசிப்பது பலன் தந்திருக்கிறது. 7 கோடிக்கும் குறைவான இடைவெளி உள்ள பகா எண் இணைகள் முடிவில்லாமல் உண்டு என்று 2013இல் யீடாங் ஜாங் என்ற கணிதவியலாளர் நிரூபித்தார். அந்த 7 கோடியைக் குறைக்கப் பல நாட்டுக் கணிதவியலாளர்கள் இணையத்தில் வெளிப்படையாகச் சேர்ந்து உழைத்தார்கள். ஜேம்ஸ் மேனார்டு தனியாகக் கண்டுபிடித்த புதிய வழியும் சேர, 2014இல் அது 246 ஆனது.

இனி, எதைக் கவனிக்க வேண்டும்? முதலாவது, அவர் புதிரோடு தனியாக மல்லுக்கட்டிவிட்டுத்தான் குழுவில் பேசுகிறாரா என்பது. புதிர் வந்தவுடன் அடுத்தவர் விடையைப் படித்துத் தலையாட்டுகிற பழக்கம் இருந்தால், மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஒட்டாது. 'விடை என்ன?' என்று கேட்காமல், 'நான் இதுவரை வந்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன், ஒரு சிறு குறிப்பு மட்டும் கொடுங்கள்' என்று கேட்கப் பழகட்டும். பேசி முடித்த பிறகு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, முழு நிரூபணத்தையும் தன் சொந்த வார்த்தைகளில் எழுதட்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியம். இப்படி எழுதிய நிரூபணங்களால் ஒரு நோட்டு நிறைந்துவிட்டால், பிற்பாடு கல்லூரி நேர்முகத்தில் 'உனக்குப் பிடித்த கணக்கு ஒன்றைச் சொல்' என்று கேட்டால் திணற வேண்டியிருக்காது.

ஏஐ எழுதித் தரும் நிரூபணத்தையும் இன்னொரு மாணவர் எழுதியதுபோலவே வரிவரியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். சரளமாக எழுதப்பட்ட தவறான படியைக் கண்டுபிடிப்பதும் நல்ல பயிற்சிதான். நடந்துகொண்டிருக்கும் போட்டியின் கணக்குகளை மட்டும் முடியும்வரை யாரோடும் பேசக் கூடாது. தொலைபேசி எண், பள்ளி விவரம் பகிர வேண்டாம் என்பதை வீட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டாலோ, பாட மதிப்பெண் தொடர்ந்து இறங்கினாலோ நேரத்துக்கு வரம்பு வையுங்கள். தெரியாததைக் கேட்டால் கேலி செய்கிற கூட்டமாக இருந்தால் வேறு நண்பர்களைத் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் சந்தேகம் கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

மேற்படிப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புதிர் பிடிக்கும் எல்லோருக்கும் கணிதப் பட்டப்படிப்பு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகக் கணிதத்தில் விடை காண்பதைவிட நிரூபிப்பதே அதிகம். விண்ணப்பிப்பதற்கு முன், பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு யூக்ளிட் தந்த நிரூபணத்தையும், 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணத்தையும் தானே எழுதி நண்பர்களிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லட்டும். அது முடிந்ததும் அடுத்த நிரூபணத்தைத் தேடிப் போனால் கணிதத்தையே எடுக்கலாம். கடமைக்கு எழுதிவிட்டு, வட்டப் புதிரின் துண்டுகளை எண்ண ஒரு நிரல் எழுதலாமே என்று கணினி பக்கம் போனால், கணினி அறிவியலோ புள்ளியியலோ எடுத்துக் கணிதத்தைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வது பொருந்தும். எந்தப் பக்கம் போகிறார் என்பதைப் பார்த்துவிட்டு, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள்.