காங்கோ போரில் இறந்த 54 லட்சம் பேரும் சண்டையிலா இறந்தார்கள்? இவ்வளவு கனிமவளம் இருந்தும் ஏன் இந்த நிலை?

இல்லை, பெரும்பாலானோர் நோயில் இறந்தார்கள். 54 லட்சம் என்பது உடல்களை எண்ணிய கணக்கும் அல்ல. சர்வதேச மீட்புக் குழு என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக்கு எடுத்த ஊர்களில் வீடு வீடாகப் போய் யார், எப்போது, எதனால் இறந்தார் என்று விசாரித்தது. போர் இல்லாவிட்டாலும் இறந்திருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை அதிலிருந்து கழித்தது. 1998 ஆகஸ்ட் முதல் 2007 ஏப்ரல் வரைக்கும் அப்படி மிஞ்சிய எண் அது. கழித்தது போதாது என்று சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. எண்ணைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் ஆயுதத்தால் இறந்தவர்கள் சிறு பங்குதான். மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவையே அதிகம் கொன்றன. கடைசிச் சுற்று ஆய்வில் இறந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

போர் எப்படி நோயாக மாறுகிறது என்பதைத் தட்டம்மைத் தடுப்பூசியில் தெளிவாகப் பார்க்கலாம். மருந்து பொடியாக வரும். பெரும்பாலும் ஒரு குப்பியில் 10 குழந்தைகளுக்கானது இருக்கும். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைசல் ஊற்றிக் கலக்கிவிட்டால் 6 மணி நேரம்தான் கெடு. மிச்சத்தைக் கொட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் கிருமித்தடுப்பான் கிடையாது; வைத்திருந்து போட்டால் அந்த ஊசியே குழந்தையைக் கொல்லக்கூடும். வழியில் ஆயுதக் குழு நிற்கிறது என்றால் மூன்று தாய்மார்தான் வருவார்கள். மூன்று பிள்ளைகளுக்காகக் குப்பியை உடைப்பதா என்று செவிலியர் தயங்குவார். இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை. தயங்காமல் உடைப்பதே சரி, ஆனால் அடுத்த பெட்டி எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் அது சுலபமான முடிவு அல்ல. மருத்துவ நிலையம் சூறையாடப்பட்டால் குளிர்பெட்டியும் போய்விடும்.

தட்டம்மையைத் தடுக்க 100க்கு 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். இந்த ஆண்டு விடுபட்ட பிள்ளைகள் போன ஆண்டு விடுபட்டவர்களோடு சேர்ந்துகொண்டே போவார்கள். ஒருநாள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். 2019ல் தொடங்கிய அலையில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே காலத்தில் உலகமே பேசிய கிழக்குக் காங்கோ எபோலாவில் இறந்தவர்கள் 2,287.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, கால்களை முடக்கும் கொன்சோ என்ற நோய். அங்கே அன்றாட உணவு மரவள்ளி. கசப்பு வகையைத் தோலுரித்து மூன்று நாளாவது தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்தபின் காயவைக்க வேண்டும். அப்போதுதான் சயனைடு வெளியேறும். பஞ்சத்திலும் ஓட்டத்திலும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள். விஷத்தை முறிக்க உடலுக்குப் புரதம் வேண்டும்; பயறும் மீனும் இல்லாத வீட்டில் அதுவும் இருக்காது. நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இரண்டு காலும் விறைத்துப் போகும். பிறகு குணமாகாது. அங்கே பேசப்படும் யாக்கா மொழியில் கொன்சோ என்றால் கட்டப்பட்ட கால்கள்.

கனிமத்துக்கு வருவோம். கிழக்குக் காங்கோவின் வட கிவு மாகாணத்தில் உள்ள ருபாயா சுரங்கங்களில் கோல்டான் என்ற தாது கிடைக்கிறது. போனுக்குள் இருக்கும் கெபாசிட்டர் என்ற சிறு மின்பாகத்துக்கான டாண்டலம் உலோகம் அதிலிருந்துதான் வருகிறது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய 15 சதவீதம் அந்த ஓர் ஊரிலிருந்து. கையால் தோண்டும் மண் என்பதால் பெரிய இயந்திரமோ கம்பெனியோ தேவையில்லை. சாலையில் தடுப்புப் போட்டு வரி வசூலித்தாலே போதும். 2024ல் ருபாயாவைப் பிடித்த எம்23 என்ற ஆயுதக் குழுவுக்கு இதில் மாதம் சுமார் 8 லட்சம் டாலர் வருவதாக ஐநா நிபுணர் குழு கணக்கிட்டது. தோண்டுகிற ஊரில் அந்தப் பணம் குழாய்த் தண்ணீராகவோ தடுப்பூசிக்கான குளிர்பெட்டியாகவோ மாறுவதில்லை. வசூலிக்கும் துப்பாக்கிக்கே தோட்டாவாகிறது. சண்டை தொடர்கிறது, ஊர் மறுபடி காலியாகிறது.