ஜெயிக்காத பென்ட்லி

வணக்கம் சார்,
பழைய கார்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், பென்ட்லி ‘புளோயர்’ பெரிய பந்தயம் எதையும் ஜெயிக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் காலத்தில் பென்ட்லி, பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தை ஐந்து தடவை வென்றது என்றல்லவா படித்திருக்கிறேன்? போஸ்டரிலும் பொம்மைக் காரிலும் வருவது புளோயர்தானே? அப்படியானால் ஜெயித்தது எது?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஐந்து வெற்றியும் உண்மைதான், ஆனால் ஒன்றுகூட புளோயருடையது இல்லை. புளோயர் என்பது நாலரை லிட்டர் பென்ட்லியில் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி, பொருத்திய கார். 1924, 1927-ல் 3 லிட்டர் கார், 1928-ல் சூப்பர்சார்ஜர் இல்லாத நாலரை லிட்டர், 1929, 1930-ல் ஸ்பீட் சிக்ஸ். 1929-ல் முதல் நான்கு இடமும் பென்ட்லிக்கே.

கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் என்றாலே ஆகாது. வேகம் வேண்டுமா, எஞ்சினைப் பெரிதாக்கு, அது அலட்டிக்கொள்ளாமல் ஓடட்டும் என்பது அவர் கட்சி. ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் அப்படி வந்ததுதான். ஓட்டுநர் டிம் பர்கினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. டோரதி பேஜெட் என்ற பெரும் பணக்காரப் பெண்மணி காசு கொடுத்தார், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார், கம்பெனியில் பணம் போட்டுத் தலைவராக இருந்த உல்ஃப் பர்னாட்டோவும் சரி என்றுவிட்டார், அப்புறம் டபிள்யூ.ஓ. பேச்சு எங்கே எடுபடும்? போஸ்டரில் ரேடியேட்டருக்கு முன்னால், கீழே, துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான் சூப்பர்சார்ஜர். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்டின் முன்முனையிலேயே நேராகக் கோத்திருப்பார்கள். சாதாரண நாலரை லிட்டரில் 110 குதிரைத்திறன், பந்தய புளோயரில் சுமார் 240. பெட்ரோல் குடித்ததைக் கேட்கவே வேண்டாம்.

1930 லெ மானில்தான் இதன் புகழே பிறந்தது. முன்னால் ஜெர்மன் ஓட்டுநர் கரச்சியோலாவின் 7 லிட்டர் மெர்சிடிஸ். நேர்சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு சக்கரத்தைப் புல்லில் இறக்கி பர்கின் அதைத் தாண்டினார், டயரின் மேல்தோல் பிய்ந்துகொண்டிருந்தபோதே. அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றும் அவருடையதுதான். ஆனால் ஓடிய புளோயர் இரண்டும் பாதியில் படுத்துவிட்டன. மெர்சிடிஸும் இரவிலேயே மின்சாரக் கோளாறில் நின்றது. ஸ்பீட் சிக்ஸ் இரண்டு தம் பாட்டுக்கு ஓடி முதலிடமும் இரண்டாமிடமும் வாங்கின.

மெர்சிடிஸை உடைக்கவே புளோயரைப் பலி கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பர்கின் ஓட்டியது பேஜெட்டின் அணிக்கு, கம்பெனி அணி தனி. தவிர, யாருக்காகவோ காரை உடைத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகவே செய்வார்.

அதே ஆண்டு பாவ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சின்னச் சின்ன புகாட்டிகளுக்கு நடுவே இந்த மலையை ஓட்டி, எத்தான்சலானின் புகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார் பர்கின். என்னைக் கேட்டால் புளோயரின் உண்மையான சாதனை அதுதான். 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒற்றை இருக்கை புளோயரில் மணிக்கு 137.96 மைல் ஓட்டி சுற்றுச் சாதனை படைத்ததைக்கூட அதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.