பாட்டி பெட்டியில் ஆறு பவுன் காசு: மெருகு போட்டு விற்கலாமா?

கேள்வி: பாட்டியின் பெட்டியிலிருந்து ஆறு பவுன் காசுகள் என் பங்குக்கு வந்துள்ளன. 1900, 1911, 1918 என்று ஆண்டு போட்டிருக்கிறது. இரண்டில் காசு மாலைக்காகக் கொக்கி பற்றவைத்த தழும்பு உண்டு. நகைக்கடையில் எடைக்குத் தங்க விலை தருவதாகச் சொல்கிறார்கள். பழைய காசு பல மடங்கு போகும் என்கிறார் உறவினர். பத்தரிடம் மெருகு போட்டுவிட்டு விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: மெருகு மட்டும் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பாளர் தரும் கூடுதல் பணம் காசின் மேல்தோலுக்குத்தான். பத்தரின் துணிச் சக்கரமும் அமிலமும் எடுத்துவிடுவது அந்தத் தோலைத்தான். புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி எதுவும் வேண்டாம்.

முதலில் தங்கக் கணக்கு. உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் சவரன். நாம் 8 கிராமைச் சவரன் என்று சொல்வதே இந்தக் காசை வைத்துத்தான். புதிதாக அச்சிட்டபோது எடை 7.988 கிராம், 22 கேரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர். ஆக, கடைப் பலகையில் உள்ள சவரன் விலைக்கும் காசின் தங்க மதிப்புக்கும் வித்தியாசம் 12 மில்லிகிராம்தான். கல்லும் இல்லை, அரக்கும் இல்லை. பழைய நகைக்குக் கழிப்பதுபோல இதில் கழித்தால் காரணம் கேளுங்கள்.

தேய்மானத்தால் தங்கம் அதிகம் போவதில்லை. 50 மில்லிகிராம் தேய்ந்தால் இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே தேய்மானம் சேகரிப்பாளரின் கூடுதல் விலையை அடியோடு சாய்த்துவிடும். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பதால்தான் கடைக்காரர், உறவினர் இருவர் பேச்சும் உங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து, ஒரே ஒரு பல்பின் கீழ் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளி சக்கர ஆரம்போலச் சுற்றி வரும். மெருகு போட்டதில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளக்கும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். அடுத்து மேடான இடங்கள்: 1911, 1918 காசுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் புருவம், கன்னம், மீசை; பின்பக்கத்தில் குதிரை வீரனின் தலைக்கவசமும் தோளும். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். மேடு மழுங்கியிருந்தும் ஒளி அங்கே தடையில்லாமல் ஓடினால், அது அச்சு சரியாக விழாத காசு, தேய்ந்ததல்ல. இதைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர் மதிப்பார்.

பிறகு அச்சாலைக் குறி. குதிரைக்குக் கீழே, தரைக்கோட்டின் நடுவில், ஆண்டுக்கு மேலே ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த். 1918-இல் ஐ இருந்தால் பம்பாய். பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டுதான். எண்ணிக்கை ஏறக்குறைய 13 லட்சம். இந்தியச் சேகரிப்பாளர்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான், தரம் பார்க்க வேண்டியதும் இதில்தான். எழுத்தில்லாத 1911 லண்டன் காசு, கோடிக்கணக்கில் அடித்தது. நல்ல நிலையில் இருந்தாலும் தங்க விலைக்கு மேல் சிறிதுதான் கிடைக்கும், பல மடங்கு கிடைக்காது.

கொக்கித் தழும்புள்ள இரண்டையும் தங்கமாகவே நினையுங்கள். பற்றவைத்த சூட்டில் விளிம்பின் வரிகள் உருகியிருக்கும். பற்றாசு ஒட்டியிருந்தால் எடை 7.99-ஐயும் தாண்டிக் காட்டும். அவற்றை இப்போதைய விலைக்கு விற்பதில் தயக்கம் வேண்டாம். மீதி நான்கில் பம்பாய்க் காசு, ஒளி ஓடும் காசு ஏதாவது இருந்தால் அதை வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு நாணய வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். உரசிப் பார்க்க விடாதீர்கள். கேரட் மீட்டர் போதும். ஆனால் முழுத் தங்கத்திலேயே போலி அடித்த காலம் உண்டு. எழுத்து மொத்தையாக இருந்தாலோ விட்டம் பொருந்தாவிட்டாலோ சந்தேகப்படுங்கள்.

இணையத்தில் காணும் லண்டன் விலையை நம்பிக் காத்திருக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தரச் சான்றுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதும் இதில் அடங்கும். உங்கள் சந்தை இந்தியாதான்.

வரி: வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்கும்போது பாட்டி வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதமும் செஸ்ஸும். வாங்கிய விலைக்குப் பதில் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டாளர் சான்று வாங்கிவையுங்கள். ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள்.

வைத்துக்கொள்ளும் காசுகளைத் தனித்தனி கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் போடுங்கள். கொழகொழவென்ற பிவிசி உறை பசைபோல ஒட்டிக் கறை விடும். அப்படி ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.